பாப்பா அப்பாவின் முறை

“குத்துங்க டாக்டர்” என்றார் மாஸ்டர்.

“குத்தியாச்சே” என்றார் டாக்டர்.

போன வாரம் நாம் மாஸ்டரை விட்டுவந்தது இந்த இடத்தில்தான். திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில், இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். விரல் விரலாக ஊசி முனை வந்து போனது. பேக்கரியில் இத்தனை வருஷம் மாவு பிசைந்த விரல்கள் ஒன்றுக்கும் அது தெரியவில்லை.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். “உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி மரத்துப்போறது உண்டா?”

“இல்ல டாக்டர்.” யோசிக்காமல் வந்த பதில் அது.

டெஸ்ட் எடுக்க வேண்டும், அதுவரை அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ரொட்டி சுடுகிற மனுஷனிடம் போய் அடுப்புப் பக்கம் போகாதே என்றால் அவர் என்ன செய்வார்? தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வாசலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. அடித்துப் பிடித்து ஓடினார்.

ஆபரேஷன்தான் செய்தார்கள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். விரல் விஷயத்தை மட்டும் மாஸ்டர் மூச்சுவிடவில்லை. பிரசவம் முடியட்டும் என்று இருந்தார், முடிந்தது. வீட்டுக்குப் போகட்டும் என்று இப்போது இருக்கிறார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

ஆனால் இடையில் இன்றைய நாள் ஒன்று கிடக்கிறதே.

இந்த ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் குழந்தைகளை வராந்தாக் கோடியில் இருக்கும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். உள்ளே என்ன நடந்தது என்று பெற்றவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் முதல் முறை தண்ணீர் ஊற்றும்போது கையும் ஓடாது, காலும் ஓடாது. இப்போது அதை மாற்றிவிட்டார்கள். குளியல் தொட்டி தள்ளுவண்டியில் ஏறிக் கட்டிலுக்கே வருகிறது. முதல் நாள் நர்ஸ் குளிப்பாட்டுவார், பெற்றவர்கள் பார்க்க வேண்டும். அடுத்த முறை பெற்றவர்கள் குளிப்பாட்ட வேண்டும், நர்ஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். ஆபரேஷன் ஆன அம்மாக்கள் குனியக் கூடாது. ஆகவே அது அப்பாக்கள் தலையில் விழும்.

நேற்று நர்ஸ் குளிப்பாட்டினார். இன்று மாஸ்டர் முறை.

அவர் வார்டுக்குள் நுழைந்தபோது அவருடைய அக்காவின் குரல்தான் முதலில் கேட்டது. அக்கா இருக்கும் இடத்தில் வேறு குரல் கேட்பது அபூர்வம்.

“ஆம்பளைய விட்டுப் பச்சப்புள்ளயக் குளிப்பாட்டச் சொல்றாங்களாம். நல்லா இருக்கு நியாயம்! நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்திருக்கேன். ரெண்டு புள்ள பெத்து வளத்தவ. என்னைக் கூப்பிட மாட்டாங்களாம்.”

“அண்ணி, நீங்க நாலு நாள் இருப்பீங்க, அப்புறம் உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. குளிப்பாட்டப் போறது நாங்கதானே” என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த மாஸ்டரின் மனைவி.

மனைவி பஸ் கண்டக்டர். கூட்டத்தில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆள். பிரசவ லீவில் இருப்பதால் அந்தக் கண் லீவில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தக் கண் இரண்டு நாளாகப் புருஷன் மேல்தான் இருந்தது.

அப்போது துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருத்தி கையில் ஒற்றைச் செருப்போடு எட்டிப் பார்த்தாள். “இது யாரோடதும்மா? படிக்கட்டுல கெடந்துச்சு.”

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது.

“அட, என்னோடதுதான்!”

“அங்கேர்ந்து இங்க வரைக்கும் ஒத்தச் செருப்போடயா வந்தீங்க? தெரியலியா?” என்றாள் மனைவி.

“வாய் ஓடுற வேகத்துல கால எங்க கவனிக்கிறது? இது ஒரு கூத்து. போன மாசம் கடைத்தெருவுலயே விட்டுட்டு வந்தேன்.”

“அடுத்த தடவ காலையே விட்டுட்டு வரப்போறீங்க அண்ணி.”

பக்கத்துக் கட்டில்காரியும் சேர்ந்து சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தொட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை அதைவிட்டுத் தள்ளி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவியின் கண் அதையும் பார்த்தது.

பிறந்ததிலிருந்து அவர் குழந்தையைத் தூக்கவில்லை. முதல் நாள் சளி என்றார். அடுத்த நாள் கையெல்லாம் மாவு என்றார். தூக்க ஆசை இல்லாமலா? அவருக்கு ஆசை தொண்டை வரைக்கும் இருந்தது. போன மாதம் ஒரு கண்ணாடி தம்ளர் கையிலிருந்து நழுவியது. விழுந்து உடைந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது கையில் இல்லை என்றே அவருக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

தள்ளுவண்டி கடகடவென்று வந்தது. பின்னாலேயே நர்ஸ்.

“பாப்பா அப்பா யாரு? எழுந்திரிங்க சார். வாட்சைக் கழட்டுங்க. கைய முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுட்டு, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க.”

“சிஸ்டர், இன்னிக்கும் நீங்களே…”

“நான் உங்க வீட்டுக்கு வந்து குளிப்பாட்டப் போறேனா?”

மாஸ்டர் வாட்சைக் கழட்டி வைத்தார். போய்க் கழுவிக்கொண்டு வந்தார். முன்கையில் குறுக்கும் நெடுக்குமாகச் சூட்டுத் தழும்புகள். பேக்கரிக்காரர்களுக்கு அது சகஜம் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நர்ஸ் வரிசையாகச் சொன்னார். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். முழங்கைக்கு இதமாக இருந்தால் குழந்தைக்கும் இதம்.

“கலந்து வைங்க, இதோ வரேன்” என்று சொல்லிவிட்டு, கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்துக் கட்டில் பக்கம் போனார்.

மாஸ்டர் தொட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். வெந்நீர் ஜாடியைச் சாய்த்தார். ஆவி வந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். குனிந்து முழங்கையை மடக்கினார்.

“எதுக்குடா முழங்கை?” என்றாள் அக்கா. “ஏம்மா, தெரியுமா உனக்கு? ஈஸ்ட் கரைக்கிறதுக்குத் தண்ணி பதம் பாக்குறதுல இவன அடிச்சுக்க ஆளே கெடையாது. கொஞ்சம் சூடு கூடினாலும் ஈஸ்ட் செத்துப்போகும், ரொட்டி உப்பாது. இவன் ஒத்த விரலை விட்டா போதும், அப்படியே சொல்லிடுவான். காட்டுடா!”

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அது டாக்டர் சொன்னதையும் நர்ஸ் சொன்னதையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. முழங்கை மேலே போனது, விரல்கள் தண்ணீருக்குள் இறங்கின. எப்போதும் நிற்கிற நேரத்துக்கு நின்றன.

“சரியா இருக்கு” என்றார் மாஸ்டர்.

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததற்கு அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. திரும்பி முழங்கையை விடுவதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். வந்த வேகத்தில் தன் முழங்கையைத் தண்ணீரில் வைத்தவர், விருட்டென்று இழுத்துக்கொண்டார்.

“ஐயோ! என்ன சார் இது? இதுலயா புள்ளய எறக்கப் போறீங்க?”

அக்கா உடனே பாய்ந்து வந்தாள். “அது ஒண்ணுமில்ல சிஸ்டர். அடுப்புலயே வெந்த கை. அவனுக்குச் சூடெல்லாம் ஒரு சூடா? தட்டை வெறுங்கையால எடுக்கிற பய.”

பக்கத்துக் கட்டில்காரி மறுபடி சிரித்தாள். “இது சிரிக்கிற விஷயம் இல்ல” என்று சொல்லிவிட்டு நர்ஸ் பச்சைத் தண்ணீரை எடுத்து ஊற்றினார். அவ்வளவுதான். மாஸ்டர் தப்பித்துவிட்டார். இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்தால், வெந்த கை என்ற பேரோடு இன்றைய பொழுது போய்விடும்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“ஏங்க, கையக் காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல.”

“காட்டுங்கன்னா.”

அவர் கையைத் துண்டுக்குள் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரல்கள் செக்கச்செவேலென்று இருந்தன. துண்டுக்குள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த மனுஷன் இரண்டு நாளாகக் குழந்தைப் பக்கம் திரும்பவில்லை. இப்போது கவனமில்லாமல் கொதிக்கிற தண்ணீரைக் கலந்து வைத்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்கிறார்.

“இஷ்டமில்லேன்னா விட்ருங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “அண்ணியே குளிப்பாட்டட்டும். பொறந்ததுலேர்ந்து ஒரு தடவ தூக்கினீங்களா அவள? நான் கேட்டேனா? கேக்கல. இனிமேலும் கேக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தோள் காட்டிக்கொடுத்தது.

மாஸ்டர் துண்டைக் கீழே வைத்தார். அடுப்பை விட வேண்டி வருமே என்றுதான் இத்தனை நாளாகப் பயந்து மறைத்தார். பெற்ற பிள்ளை வேண்டாதவன் என்று பேர் வாங்குவோம் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அக்கா அதற்குள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

“நகருக்கா” என்றார் மாஸ்டர். “நான் குளிப்பாட்டுறேன்.”

முதலில் முழங்கையைத் தண்ணீரில் விட்டார். இதமாக இருந்தது. முழங்கைக்குத் தெரிந்தது! எத்தனையோ நாளைக்கு அப்புறம் தண்ணீர் தண்ணீராகத் தெரிந்ததில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் தோளில் துடைத்துக்கொண்டார்.

நர்ஸ் குழந்தையைத் துணியோடு எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தை ஈரத்துணியால் துடைத்தாயிற்று. துணி சுற்றியபடியே தலைக்குத் தண்ணீர் விட்டுத் துவட்டியாயிற்று. அதுவரைக்கும் கனம் முன்கையில் இருந்தது, பாதகமில்லை. அடுத்து துணியை அவிழ்த்தார். அப்பாடி, எவ்வளவு சின்னது! கை கால் எல்லாம் தனித்தனியாக ஆடிக்கொண்டு, கோபமான முகத்தோடு ஒரு குட்டி மனுஷி.

“இடது கைய கழுத்துக்கு அடியில விடுங்க. அந்தப் பக்கத்துத் தோளை விரலால வளைச்சுப் புடிங்க. வலது கை அடியில. அப்படியே மெதுவா எறக்குங்க. ம்… நல்லா பண்றீங்க சார்.”

குழந்தை தண்ணீரில் இறங்கியது. ஒரு தடவை வீலென்றது. அப்புறம் என்ன நினைத்துக்கொண்டதோ, வாயை மூடிக்கொண்டு மேலே விளக்கைப் பார்த்தது.

“இப்ப வலது கைய எடுத்துக்கலாம். இடது கை புடிச்சிருக்குல்ல, அது போதும். வலது கையால சோப்பு போடுங்க.”

மாஸ்டர் எடுக்கவில்லை.

“எடுங்க சார்.”

அவர் தன் இடது கை விரல்களைப் பார்த்தார். தோளைச் சுற்றி வளைந்து இருந்தன. இருக்கின்றன என்று கண் சொன்னது. கை ஒன்றும் சொல்லவில்லை. இறுக்கிப் பிடித்திருக்கிறதா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா, இந்த நிமிஷம் வழுக்கிக்கொண்டிருக்கிறதா? தம்ளர் உடைந்த சத்தம் காதுக்குள் கேட்டது.

“எடுக்க மாட்டேன் சிஸ்டர்.”

“ஏன் சார்?”

“நான் புடிச்சிருக்கேனா இல்லையான்னு எனக்குத் தெரியல.”

“என்ன சொல்றீங்க?”

“விரல்ல உணர்ச்சி இல்ல சிஸ்டர். ரெண்டு கையிலயும் இல்ல. சூடும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. இவளப் புடிச்சிருக்கேன்னு நெனைக்கிறேன். ஆனா எனக்குத் தெரியல.”

அக்கா கூடப் பேசவில்லை.

நர்ஸ் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, தொட்டிக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டார். கட்டில் கிறீச்சிட்டது. மனைவி வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தாள்.

“நீ எதுக்கு எழுந்திரிக்கிறே? தையல் இருக்கு” என்றார் மாஸ்டர்.

“நீங்க அங்க பாருங்க. புள்ளயப் பாருங்க.”

கட்டிலைப் பிடித்து, வண்டியைப் பிடித்து, தொட்டிக்கு எதிரில் வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தாள். டிக்கெட் எடுக்காத ஆளைத் தேடுகிற அதே கண், விரல் விரலாகப் பார்த்தது.

“புடிச்சிருக்கீங்க” என்றாள்.

“சரியா பாத்தியா?”

“கட்டவிரல் மேல, நாலு விரலும் கக்கத்துக்குக் கீழ. கெட்டியாத்தான் புடிச்சிருக்கீங்க. கொஞ்சம் ஜாஸ்தியாவே. லேசா விடுங்க… இன்னும் விடலாம்… இன்னும்… ஹோல்டான்!”

பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது டிரைவருக்குக் கொடுக்கிற குரல். வார்டில் நாலு கட்டிலுக்கு அந்தக் குரல் கேட்டது. நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப வலது கைய எடுங்க.”

“எடுக்கட்டுமா?”

“நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். எடுங்க. ரைட்.”

எடுத்தார். குழந்தை அப்படியே இருந்தது. மாஸ்டர் மூச்சு விட்டார்.

சோப்பு போட்டாயிற்று. கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று மனைவி வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் செய்தார். “வரலாம், வரலாம், அங்கதான்” என்று அவள் சொல்வதும் இவர் கை நகர்வதுமாகக் குளியல் நடந்தது. முழங்கையால் சரிபார்த்த தண்ணீரை நர்ஸ் ஊற்றினார். கடைசியாகத் தூக்கும்போது, பச்சைத் தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டு குழந்தையின் பாதத்தில் விழுந்தது. குழந்தை காலைச் சுரீரென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

“பாத்தியா?” என்றார் மாஸ்டர். “ஜில்லுன்னு இருக்காம் அவளுக்கு! இழுத்துக்கிட்டா பாத்தியா?”

இதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று பக்கத்துக் கட்டில்காரிக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. துண்டால் குழந்தையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“எத்தனை நாளா?”

“மழைக்காலத்துக்கு முன்னாலேர்ந்து.”

“அப்ப ரொட்டி உப்பாம போனது?”

“நான் ஊத்தின தண்ணிதான். கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருப்பேன் போல.”

“ஈஸ்ட் கொண்டுவர்ற ஆள அந்தத் திட்டு திட்டினீங்களே!”

“ஆமா.”

“மொதல்ல அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. அடுத்தது டாக்டர்கிட்ட போகணும், நானும் வரேன்.” அப்புறம் குரல் இறங்கியது. “உங்களுக்குப் புள்ள பிடிக்கலியோன்னு நெனச்சுட்டேங்க.”

“அடிப்பாவி” என்றார் மாஸ்டர். குழந்தையை வாங்கி முன்கையில் வைத்துக்கொண்டார். அங்கே அவருக்கு உணர்ச்சி இருந்தது. துண்டுக்குள்ளிருந்து வந்த சூடு நன்றாகவே தெரிந்தது.

“நான் போய் டீ வாங்கிட்டு வரேன்” என்ற குரல் கேட்டுத்தான் அக்காவின் நினைவே வந்தது. அவள் ஏற்கெனவே கதவுப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

“அண்ணி, ஃபிளாஸ்க்!” என்றாள் மனைவி. அக்கா திரும்பவில்லை.

மாஸ்டர் குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஃபிளாஸ்க்கை எடுக்கக் குனிந்தார். நாற்காலிக்கு அடியில், இடது கால் செருப்பு கிடந்தது.

வராந்தாவை அப்போதுதான் ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். லிஃப்டுக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு. இன்னொரு கால் ஈரத் தரையில்.

“அக்கா.”

“எதுக்குடா ஓடி வர்றே?”

அவர் செருப்பைக் காட்டினார். “கால் ஜில்லுன்னு இல்லியா உனக்கு?”

அக்கா குனிந்து பார்த்தாள். கொஞ்சம் முன்னால் சிரித்தது போல இப்போது சிரிக்கவில்லை. வெறுங்காலைத் தூக்கி, மறுபடியும் ஈரத்தில் வைத்துப் பார்த்தாள். லிஃப்ட் வந்து திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், கதவு மூடிக்கொண்டது. அவள் ஏறவில்லை.

“ஏன்டா தம்பி” என்றாள். “உனக்கு மொதல்ல எப்படி ஆரம்பிச்சுது?”